விலைபோகாத துப்பறிவாளர்

1976 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி ஒரு துப்பறியும் படத்தை ஒளிபரப்பியது. 'தி ரிட்டர்ன் ஆஃப் தி வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் டிடெக்டிவ்' என்று பெயர். கதாநாயகன் ஷெர்மன் ஹோம்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர். வேலையில் பெரிய சூரர் இல்லை. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் என்றால் உயிர். ஒருநாள் அந்தக் கதைகளை வாசித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய மோட்டார் சைக்கிளே சரிந்து தலையில் விழுகிறது. நினைவு திரும்பி எழுகிறவர் தன்னை ஷெர்லக் ஹோம்ஸ் என்றே நம்புகிறார். இருபக்கமும் மடல் வைத்த தொப்பி, பைப், ஆங்கிலேயப் பேச்சு எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. அவருடைய மனநலத்தைக் கவனிக்க வரும் சமூகப் பணியாளர் ஒரு பெண். ஜோன் வாட்சன் என்று பெயர். போலீஸ்காரராக லாரி ஹாக்மன் நடித்தார், வாட்சனாக ஜென்னி ஓஹாரா.

அது ஒரு பைலட். வாராவாரம் வரப்போகும் தொடருக்கு மாதிரியாக எடுக்கப்பட்ட முதல் படம். தொடர் வரவில்லை.

ஒளிபரப்பான தேதியே அதன் கதியைச் சொல்லிவிடுகிறது. அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் புதிய தொடர்கள் செப்டம்பரில் தொடங்கும். எந்தப் பைலட் தேறியது, எது தேறவில்லை என்ற முடிவை அதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே எடுத்துவிடுவார்கள். தேறாதவற்றுக்கும் பணம் செலவாகியிருக்கிறது. ஆகவே கோடையில், பழைய தொடர்களின் மறுஒளிபரப்புக்கு நடுவே, ஒரு நாள் அவற்றைப் போட்டுக் கணக்கை முடித்துக்கொள்வார்கள். ஷெர்மன் ஹோம்ஸ் அப்படித்தான் ஒரே ஒரு ஜூன் மாத இரவில் வந்து போனார்.

இப்படி வந்து போன பைலட்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் இந்த ஒன்றை எடுத்துப் பேசக் காரணம், இதை இயக்கியவர். டீன் ஹார்குரோவ். இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1971 மார்ச் 1 அன்று, அதே என்.பி.சி.யில் வந்த இன்னொரு பைலட்டுக்குத் திரைக்கதை எழுதியவரும் அவர்தான். 'ரான்சம் ஃபார் எ டெட் மேன்' என்ற அந்தப் பைலட்டிலிருந்து பிறந்த தொடர் 'கொலம்போ'. உலகத் தொலைக்காட்சியில் மிக அதிகமாக நேசிக்கப்பட்ட துப்பறிவாளர்களில் ஒருவர் கொலம்போ. ஒரே மனிதரின் கை, ஒரே நிறுவனம், இரண்டு கோணங்கித்தனமான துப்பறிவாளர்கள். ஒருவர் 69 கதைகள் ஓடினார். மற்றவர் ஒன்றோடு நின்றார். ஏன் என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடைக்காது.

விடை எனக்கு நம் ஊர்த் துப்பறியும் சாம்புவிடமிருந்துதான் கிடைத்தது. அங்கே போகுமுன் கொலம்போவின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் அவரும் சுலபமாக விலைபோனவர் இல்லை.

ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரட்டையர் உருவாக்கிய பாத்திரம் கொலம்போ. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச்சைத் தாங்கள் மனத்தில் வைத்திருந்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1960இல் 'இனஃப் ரோப்' என்ற தொலைக்காட்சி நாடகத்தில் பெர்ட் ஃப்ரீட் என்பவர் கொலம்போவாக நடித்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1962இல் அதே கதை மேடை நாடகமாகி, தாமஸ் மிட்செல் நடித்தார். 1968இல் அதையே தொலைக்காட்சிப் படமாக எடுக்க முனைந்தபோது பாடகர் பிங் கிராஸ்பியைக் கேட்டார்கள், அவர் மறுத்தார். பிறகுதான் பீட்டர் ஃபாக் வந்தார். மூன்று வயதில் ஒரு கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டவர். கசங்கிய மழைக்கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு. அப்போதும் உடனே தொடராகிவிடவில்லை. வாரம் தவறாமல் நடிக்க ஃபாக் தயங்கினார். வேறு துப்பறியும் தொடர்களோடு முறை வைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்ற ஏற்பாட்டுக்குப் பிறகே 1971இல் தொடர் தொடங்கியது. முதல் முயற்சிக்கும் அதற்கும் இடையே பதினோரு ஆண்டுகள்.

கொலம்போவின் கோணங்கித்தனம் என்ன? அழுக்குக் கோட்டு, அணைந்த சுருட்டு, லொடலொடக்கும் பழைய கார், கண்ணில் படாத மனைவியைப் பற்றிய ஓயாத பேச்சு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து கேட்கும் கடைசிக் கேள்வி. இத்தனையும் ஒரு வேலை செய்கின்றன. எதிரே இருக்கும் பணக்காரக் கொலைகாரர் இவரை மட்டமாக எடைபோடுகிறார், எடைபோட்டதால் அசட்டையாகிறார், அசட்டையானதால் மாட்டிக்கொள்கிறார். கொலையை யார் செய்தார் என்பது நமக்குத் தொடக்கத்திலேயே தெரியும். இந்த மனிதர் முட்டாள் இல்லை என்பதும் தெரியும். கொலைகாரருக்கு மட்டும் தெரியாது. படம் முழுக்க நாம் கொலம்போவோடு சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காக்கிறோம். மறுவாரமும் நம்மை அழைத்து வருவது அந்தக் கூட்டுதான்.

ஷெர்மன் ஹோம்ஸிடம் இந்த ரகசியம் இல்லை. அவர் தலையில் அடிபட்டவர் என்பது நமக்கும் தெரியும், வாட்சனுக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. அவர் தொப்பியைச் சரிசெய்து துப்புத் துலக்கும்போது நாம் அவரோடு நிற்பதில்லை; எதிரே நின்று பார்க்கிறோம், கொஞ்சம் பரிதாபத்தோடு. ஒரு மாலைக்கு அது போதும். ஹாக்மன் மனம் ஒன்றி நடித்திருக்கிறார். அவரது மிடுக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது வாரம் என்ன செய்வது? குணமானால் கதை முடிந்தது. குணமாகாவிட்டால் நோயாளி ஒருவரை வேடிக்கை பார்க்கும் தொடராகிவிடும். பைலட்டின் கருவிலேயே இந்த முட்டுச்சந்து இருக்கிறது.

இதே கரு 1971இல் 'தே மைட் பி ஜயன்ட்ஸ்' என்ற திரைப்படத்தில் வந்தது. ஜார்ஜ் சி. ஸ்காட் தன்னை ஷெர்லக் ஹோம்ஸ் என்று நம்பும் நீதிபதியாகவும், ஜோஆன் உட்வர்ட் அவருக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டர் வாட்சனாகவும் நடித்தார்கள். சினிமாவில் அது நின்றது. ஒருமுறை சொல்லி முடிக்கிற கதையாக இருந்ததால் நின்றது.

மனக்குறையுள்ள துப்பறிவாளரே தொலைக்காட்சியில் நிற்க மாட்டார் என்று இதற்குப் பொருளில்லை. 2002 முதல் 2009 வரை 125 பாகங்கள் ஓடிய 'மாங்க்' அதற்குச் சாட்சி. ஏட்ரியன் மாங்க்குக்கு எதையும் தொடப் பயம், கிருமிப் பயம், ஒழுங்கு கலைந்தால் மனம் பதைக்கும். அந்தப் பதைப்புத்தான் மற்றவர் கண்ணுக்குத் தப்புவதை அவர் கண்ணில் காட்டுகிறது. அறையில் ஒரு பொருள் இடம் மாறியிருந்தால் அவரால் மூச்சுவிட முடியாது. அந்தப் பொருள்தான் துப்பு. நோயும் திறமையும் ஒரே நரம்பில் ஓடுகின்றன. ஷெர்மனின் தொப்பியைக் கழற்றிவிட்டாலும் வழக்கு அதே போக்கில்தான் போகும். மாங்க்கின் பதைப்பைக் கழற்றினால் கதையே இல்லை.

இனி சாம்பு.

திருவிடைமருதூரில் 1913இல் பிறந்த ஆர். மகாதேவன், 'தேவன்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதியவர். 1942 முதல் 1957இல் மறையும்வரை அதன் பொறுப்பாசிரியர். நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். 1942இல் அவர் தொடங்கிய 'துப்பறியும் சாம்பு' கதைகள் சுமார் ஐம்பது. முதலில் ராஜு படம் போட்டார். பின்னாளில் கோபுலுவின் கோடுகளில் சாம்பு படக்கதையாகவும் வந்தார். நாற்பதை எட்டிய வங்கிக் குமாஸ்தா, நீண்ட மூக்கு, மந்த புத்தி என்று ஊரே தீர்ப்பெழுதிய ஆள். இன்ஸ்பெக்டர் கோபாலன் அவரைப் பெரிய மேதை என்று நம்புகிறார். மனைவி வேம்பு நம்புகிறாள். ஊரும் நம்புகிறது. சாம்பு தடுக்கி விழுகிற இடத்தில் திருடன் ஒளிந்திருப்பான். பயந்து உளறுகிற வார்த்தை குற்றவாளியின் நெஞ்சில் போய்த் தைக்கும்.

கொலம்போவையும் சாம்புவையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் முட்டாளாக நடிக்கும் புத்திசாலி. மற்றவர் புத்திசாலி என்று எடுத்துக்கொள்ளப்பட்ட அப்பாவி. இரண்டிலும் ரகசியம் உண்டு. அதைக் கதையில் இருப்பவர்களிடம் சொல்லாமல் நம்மிடம் மட்டும் சொல்கிறார்கள். சாம்புவுக்கு ஒன்றும் தெரியாது என்பது தேவனுக்கும் நமக்கும் மட்டும் தெரியும். கோபாலன் சாம்புவின் மௌனத்தைப் பார்த்து வியக்கும்போது, அந்த மௌனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்கு ஆசிரியர் சொல்லிவிடுகிறார். ஐம்பது கதை தாங்கியது இந்த ஏற்பாடு. பீட்டர் செல்லர்ஸ் நடித்த இன்ஸ்பெக்டர் குளூசோ திரைக்கு வந்தது 1963இல். அதற்கு இருபத்தோரு ஆண்டுகள் முன்பே விகடன் வாசகர்கள் அந்த வகைச் சிரிப்புக்குப் பழகியிருந்தார்கள். தமிழர்கள் இதை உரக்கச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொள்ள வேண்டும்.

சாம்பு சென்னைத் தொலைக்காட்சிக்கும் வந்தார். நடித்தவர் காத்தாடி ராமமூர்த்தி. சோவின் 'இஃப் ஐ கெட் இட்' நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரையே அடைமொழியாகப் பெற்ற மேடை நடிகர். வேறொருவரை அந்த இடத்தில் நினைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை. ஆனால் சாம்புவைக் காமிராவுக்கு முன் நிறுத்துவதில் அடிப்படையான இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. எழுத்தில் ரகசியத்தை நம் காதில் ஓதுகிறவர் தேவன். சாம்பு வாயே திறக்க வேண்டாம். திரையில் அந்தக் குரல் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு முகம். வியப்போடு பார்க்கும் கோபாலனும் அதே முகத்தைத்தான் பார்க்கிறார், நாமும் அதையேதான் பார்க்கிறோம். ஒரே முகம் அவருக்கு மேதையாகவும் நமக்கு அப்பாவியாகவும் தெரிய வேண்டும். ஃபாக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. கொலைகாரர் திரும்பிக்கொண்டதும் அவர் கண் ஒருகணம் மாறினால் போதும், நமக்குச் செய்தி வந்துவிடும். சாம்புவின் கண் மாறக் கூடாது. மேடை நகைச்சுவையில் பல ஆண்டுகள் தோய்ந்தவர்களுக்கே அந்தக் கணக்கு பிடிபடும். நல்ல பின்னணிக் குரல் ஒன்றையும் சேர்த்து, சாம்பு கதைகள் அத்தனையையும் இன்று ஒருவர் தொடராக எடுத்தால் நிற்கும் என்றே நம்புகிறேன்.

தமிழ்த் துப்பறியும் கதையில் கோணங்கித்தனம் சாம்புவுக்கு முன்பே உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' துறவி வேடத்தில் துப்புத் துலக்குகிறவர். மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் அதைப் படமாக்கியபோது எம்.என். நம்பியார் பல வேடங்களில் வந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்ப் பிரியர். அதற்கு மேல் அவரிடம் விசித்திரம் கிடையாது. பிறகு வந்த எழுத்தாளர்கள் வேறு வழி கண்டார்கள். சுஜாதாவின் கணேஷ் நிதானமான வக்கீல். துடுக்கும் சேட்டையும் வசந்துக்கு. வங்கத்தில் சத்யஜித் ராய் செய்ததும் இதுதான்: ஃபெலுதா கச்சிதமானவர், கோமாளித்தனமெல்லாம் உடன் வரும் எழுத்தாளர் ஜடாயுவுக்கு. விசித்திரத்தைத் துணையாளிடம் தள்ளிவிட்டால் நாயகன் பாரமின்றி நடக்கலாம். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனாலும் விசித்திரத்தையே முதுகெலும்பாக வைத்துக்கொண்ட சாம்புவின் துணிச்சல் அதில் இல்லை.

தூர்தர்ஷன் காலத்துக்கு வருவோம். 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடர் தொடங்கியபின் தனியார் தயாரிப்பாளர்களுக்குக் கதவு திறந்தது. நடைமுறை இப்படி: கதைச் சுருக்கத்தைக் கொடுக்க வேண்டும், சரியென்று பட்டால் சொந்தச் செலவில் பைலட் எடுத்துக் காட்ட வேண்டும், குழு பார்த்து ஒப்புக்கொண்டால் பதின்மூன்று வாரம் என்ற கணக்கில் அனுமதி. விளம்பரதாரரைத் தயாரிப்பாளரே பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் பைலட் தேறாவிட்டால் பெரிய ஸ்டுடியோவின் கணக்கில் ஒரு வரி நஷ்டம். கோடையில் ஒருநாள் ஒளிபரப்பாவது மிஞ்சும். இங்கே வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து எடுத்தவரின் நஷ்டம், ஒளிபரப்பும் கிடையாது. நிராகரிக்கப்பட்ட கேசட் நேராகப் பரணுக்குப் போகும்.

அந்த வாசலைத் தாண்டி வந்த துப்பறிவாளர்களில் விசித்திரமானவர் 'கரம்சந்த்'. 1985இல் பங்கஜ் பராஷர் இயக்க, பங்கஜ் கபூர் நடித்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் எப்போதும் கேரட், பக்கத்தில் அசட்டுக் கேள்வி கேட்கும் உதவியாளர் கிட்டி. இந்தி தெரியாத தமிழ்நாட்டு வீடுகளிலும் பார்த்தார்கள். கேரட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஆனால் என் அளவுகோலில் கரம்சந்த் ஷெர்மன் ஹோம்ஸின் பக்கம்தான் நிற்கிறார். கேரட் துப்புத் துலக்குவதில்லை. அது அடையாளம், அவ்வளவே. பங்கஜ் கபூரின் வேகமும் பேச்சின் வெட்டும் அந்தக் குறையை மூடின. 2007இல் தனியார் சேனலில் அதே கபூரோடு தொடரை மறுபடி கொண்டுவந்தபோது பழைய ஈர்ப்பு திரும்பவில்லை. அதற்கு நேரெதிர் 1993இல் பாசு சட்டர்ஜி எடுத்த 'ப்யோம்கேஷ் பக்ஷி'. ரஜித் கபூர் வேட்டி சட்டையில் சாதாரண வங்காளி இளைஞராக வந்து போனார். விசித்திரம் என்று ஒரு துளி இல்லை. இன்றும் புதிதாகப் பார்ப்பவர்கள் உண்டு. அடையாளத்துக்காக ஒட்டவைத்த கோணங்கித்தனத்தைவிட ஒன்றுமே ஒட்டாத முகம் நெடுநாள் தாங்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல சான்று இது.

இன்னும் இரண்டு துப்பறிவாளர்களின் விலைபோகாத பைலட்டுகளைச் சொல்ல வேண்டும். ரகசியம் இருந்தும் போதாமல் போனவை அவை. ரெக்ஸ் ஸ்டவுட்டின் நீரோ உல்ஃப் பெரும் சரீரக்காரர். மாடியில் பத்தாயிரம் ஆர்க்கிட் செடி வளர்ப்பவர். வேலை நிமித்தம் வீட்டை விட்டு வெளியே போகமாட்டார். வெளியே ஓடியாடுவது உதவியாளர் ஆர்ச்சி குட்வின். 1959இல் சி.பி.எஸ். அரைமணி நேரப் பைலட் எடுத்தது. குர்ட் கஸ்நர் உல்ஃபாகவும், பின்னாளில் 'ஸ்டார் ட்ரெக்' தலைவனாகப் புகழ்பெற்ற வில்லியம் ஷாட்னர் ஆர்ச்சியாகவும் நடித்தார்கள். ஷாட்னரின் துள்ளல் அருமை. ஆனால் அசையாத மனிதர் ஒருவர் யோசித்து விடை சொல்வதற்கு அரைமணி போதாது. சாப்பாடு, செடி, பிடிவாதம் என்று உல்ஃபின் உலகத்தைக் காட்டி முடிப்பதற்குள் குற்றவாளியைப் பிடித்தாக வேண்டியிருக்கிறது. 1977இல் தேயர் டேவிட் நடிக்க மறுபடி ஒரு பைலட். ஒளிபரப்பாகுமுன் 1978இல் நடிகர் இறந்துபோனார், படம் 1979 டிசம்பரில்தான் வெளியே வந்தது. ஒருமணி நேரமும் நிதானமும் கிடைத்தபின், 2001இல் மோரி சேய்கினும் டிமதி ஹட்டனும் நடித்த தொடரில் உல்ஃப் தன் நாற்காலியில் சரியாக அமர்ந்தார்.

அகதா கிறிஸ்டியின் புவாரோவுக்கும் இதே கதி நேர்ந்தது. 1962 ஏப்ரல் 1 அன்று மார்ட்டின் கேபல் நடித்த அரைமணிப் பைலட், ரொனால்ட் ரீகன் தொகுத்து வழங்கிய 'ஜெனரல் எலக்ட்ரிக் தியேட்டர்' வரிசையில் ஒரு நாடகமாக வந்து போனது. டேவிட் சூஷே அந்த மீசையை ஒட்டிக்கொண்டு வர 1989 ஆக வேண்டியிருந்தது.

இவற்றைப் பற்றி இன்று என்னால் இவ்வளவு எழுத முடிகிறதென்றால், அந்தப் படங்கள் எங்கோ பத்திரமாக இருந்ததுதான் காரணம். 1959 உல்ஃபைப் பார்க்கலாம். ஷெர்மன் ஹோம்ஸைப் பார்க்கலாம். பி.பி.சி. 2009இல் அறுபது நிமிடமாக எடுத்து, திருப்தி இல்லாமல் ஒதுக்கிவிட்டு, 2010இல் தொண்ணூறு நிமிடமாக முழுவதும் திரும்ப எடுத்த 'ஷெர்லக்' தொடரின் முதல் வடிவமும் டிவிடியில் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் திரைக்கதை வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து எழுந்த பயன் உண்டு. அதே பி.பி.சி. முன்பு செய்த தவறும் பெரிது. 1968இல் பீட்டர் குஷிங் ஷெர்லக் ஹோம்ஸாக நடித்த பதினாறு பாகங்களில் ஆறுதான் மிஞ்சியிருக்கின்றன. நாடா விலை அதிகம் என்று அழித்து அழித்து வேறு நிகழ்ச்சி பதிந்த காலம் அது.

சென்னைக்குத் தெற்கே நான் இருக்கும் கேளம்பாக்கத்தில் நாடா அழிவது வெறும் வரலாற்றுச் செய்தியாக இல்லை. கோவளம் போகும் சாலையில் இறங்கினால் இருபுறமும் உப்பங்கழி, உப்பளம். காற்றில் உப்பும் ஈரமும் எந்நாளும் உண்டு. முட்டுக்காடு முதல் கோவளம்வரை கடலோர பங்களாக்களில் சினிமாவும் சீரியலும் எத்தனையோ எடுத்திருக்கிறார்கள். வடபழனி, சாலிகிராமத்தில் வாழ்ந்து ஓய்வுபெற்ற தொழில்நுட்பக் கலைஞர்கள் பிள்ளைகளோடு பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிகளுக்கும் தாம்பரம் பக்கத்துக்கும் குடிவந்திருக்கிறார்கள். அவர்களோடு அட்டைப் பெட்டிகளும் வந்திருக்கின்றன.

அந்தப் பெட்டியில் இருக்கக்கூடியது யூ-மேட்டிக் கேசட். 1971இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவம்; எண்பதுகளில் நம் தொலைக்காட்சி வேலை பெரும்பாலும் அதில்தான் நடந்தது. தடித்த புத்தகம் அளவு கறுப்புப் பெட்டி, உள்ளே முக்கால் அங்குல நாடா. நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் காந்தத் துகளைப் பசை வைத்து ஒட்டியது. பாலியூரித்தேன் வகைப் பசை ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் சிதைகிறது, நாடா பிசுபிசுக்கிறது. அந்த நிலையில் ஓடவிட்டால் பழுப்புத் தூள் உதிர்ந்து கருவியின் தலையில் அப்பிக்கொள்ளும். உதிர்ந்தது தூசு மாதிரி இருக்கும். உண்மையில் அதுதான் படம். துடைத்து எடுத்ததும் அந்தக் காட்சி உலகத்தில் எங்கும் இல்லை. வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் அதுவும் நாடாவைத் தின்கிறது. கல்கத்தாவுக்கும் கொச்சிக்கும் இதே சங்கடம் உண்டு என்றாலும், உப்பங்கழிக் கரையில் மேற்கூரைக்குக் கீழே பரணில் வைத்த கேசட்டுக்கு வெயிலும் ஈரமும் இரட்டைத் தண்டனை.

ஒளிபரப்பான தொடருக்காவது அரசு ஒளிபரப்பு நிலையத்தில் ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. நிராகரிக்கப்பட்ட பைலட்டுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எடுத்தவரிடம் இருப்பது ஒன்றுதான் பிரதி. தமிழில் துப்பறியும் கதைக்கு இருந்த வாசகர் கூட்டத்தையும், அந்தக் கதைகளை எழுதியவர்களின் எண்ணிக்கையையும் பார்க்கும்போது, மேடையிலும் வாரப் பத்திரிகையிலும் வென்ற ஒரு விசித்திரத் துப்பறிவாளரைச் சின்னத்திரைக்குக் கொண்டுவரச் சொந்தப் பணம் போட்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தோற்றது என்று வெட்கப்பட்டு அவர்கள் ஒதுக்கி வைத்ததுதான் ஆய்வாளனுக்குப் பொக்கிஷம். வெற்றிபெற்ற தொடர் மக்களுக்கு எது பிடித்தது என்று சொல்லும். தேறாத பைலட், நாம் எதை முயன்று பார்த்தோம் என்று சொல்லும்.

எனவே, உங்கள் வீட்டிலோ சுற்றத்திலோ இத்தகைய கேசட் இருந்தால் ஒரு வேண்டுகோள். என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் பழைய கருவியில் போட்டு ஓட்டிவிடாதீர்கள். மேலே ஒட்டிய சீட்டைப் புகைப்படம் எடுங்கள். பேனா மை மங்கிக்கொண்டிருக்கும். எடுத்தவர் உயிரோடு இருந்தால் யார் யார் நடித்தார்கள், யார் காமிரா, எந்த ஆண்டு, யாரிடம் போட்டுக் காட்டினார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பரணிலிருந்து இறக்கி, வெயில் படாத, சுவரின் ஈரம் ஏறாத அலமாரியில், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். ஒலிபெருக்கி, மோட்டார் போன்ற காந்தமுள்ள பொருள்கள் அருகில் வேண்டாம். டிஜிட்டலாக மாற்றுவதை, பிசுபிசுத்த நாடாவை இதமான சூட்டில் உலர்த்தி எடுக்கத் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகமும், மும்பையில் 2014இல் சிவேந்திர சிங் துங்கர்பூர் நிறுவிய திரைப்பட மரபு அறக்கட்டளையும் இத்துறையில் விவரம் தெரிந்தவர்கள் இருக்கும் இடங்கள்; கடிதம் எழுதிக் கேளுங்கள். கூடவே கிடைக்கும் வசனப் பிரதி, கடிதங்கள், நிராகரிப்புத் தாள் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கேளம்பாக்கத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் நேராக வடக்கே போனால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.